வீட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை

கோமதி, சங்கரு, இதை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் படிக்க ஒருத்தர் கேட்டால் போதும், பேப்பருக்குச் சண்டை வேண்டாம். பிரெஞ்சுப் பரீட்சையில் அப்பாவுக்கு ஏன் மார்க் குறைந்தது என்று கேட்டீர்கள். போனில் என்னால் அதைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் ஆரம்பித்தால் சங்கர் நடுவில் பனியைக் காட்டு என்கிறான், நான் போனை ஜன்னல் பக்கம் திருப்புகிறேன், கதை அதோடு போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கனடா என்றால் இங்கிலீஷ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் வந்திருக்கிற கியூபெக் மாகாணத்தில் பேச்சு, போர்டு, ரேடியோ, திட்டு எல்லாமே பிரெஞ்சு. நான் வெல்டிங் செய்கிற பட்டறையில் டிராக்டருக்கு டிரெய்லர் கட்டுகிறோம், நம் வாசுதேவநல்லூர் பட்டறையில் கட்டியதைத்தான் இங்கே கையுறை போட்டுக்கொண்டு கட்டுகிறேன். வேலைக்குக் கை போதும். உங்களையும் அம்மாவையும் இங்கே கூட்டிவர வேண்டும் என்றால் பிரெஞ்சுப் பேச்சுப் பரீட்சையில் இங்கே சர்க்கார் கேட்கிற அளவு மார்க் வேண்டும். அது வந்தால் ஜூனில் நம்மூரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நீங்கள் இங்கே. வராவிட்டால் அங்கேயே. இது உங்களுக்கும் தெரியும். கோமதி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள் என்று அம்மா சொன்னாள்.

நம்மூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் நான் படிக்கப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீச்சர் காரைக்காலில் பிறந்து நம் சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டு வந்தவர், என்னைவிடச் சின்னவர். கூடப் படித்த எல்லோரும் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிற பிள்ளைகள். பெஞ்சில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை. "அண்ணாச்சி, வாயால பேசாதீய, மூக்கால பேசுங்க" என்று அந்தப் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக் கொடுக்கும். எண்பதுக்கு 'நாலு இருபது' என்று சொல்ல வேண்டும் என்று வீட்டில் வந்து சொன்னபோது, "அவங்களுக்குக் கணக்கு வராதாப்பா?" என்று கோமதி கேட்டாள். டீச்சரிடம் அதை அப்படியே கேட்டேன். அவரும் சிரித்துவிட்டார்.

பட்டறைக்குப் போகிற பஸ்ஸில்தான் மனப்பாடம். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெரியவர், ஆட்டு யாவாரி, என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன வே, ஏறுனதுல இருந்து தனியாப் பேசிட்டு வாரீரு. வீட்டுல எதும் பிரச்சினையா?"

"பிரெஞ்சு படிக்கேன் அண்ணாச்சி. கனடா போறேன்."

"கனடாவுக்கு இங்கிலீஸ்லா வேணும்?"

"அங்கன ஒரு பக்கம் பிரெஞ்சு."

"அப்பம் உம்மள ஏமாத்திப்புட்டானுவ."

பிறகு ஆரம்பித்தார். எத்தனை பிள்ளைகள், பெண்டாட்டிக்கு எந்த ஊர், மாமனார் என்ன செய்கிறார், சம்பளம் எவ்வளவு பேசியிருக்கிறார்கள், முழங்கால் வலிக்கு அங்கே டாக்டர் உண்டா. புளியங்குடி வருவதற்குள் என் கதை பூராவும் அவர் கையில். அவர் கதை பூராவும் என் கையில்.

இங்கே வந்த முதல் வாரம் எனக்குப் பயமே வந்துவிட்டது. டீச்சர் சொல்லித் தந்த பிரெஞ்சு இஸ்திரி போட்ட சட்டை என்றால் இவர்கள் பேசுவது பட்டறைக்குப் போட்டுக் கசங்கிய சட்டை. பாதி வார்த்தையைத் தின்றுவிடுகிறார்கள். காருக்கு நான் படித்தது ஒரு பெயர், இவர்கள் சொல்வது வேறு. என்னோடு வேலை செய்கிற ரெஜான் என்பவர் (நம்மூராக இருந்தால் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டிருப்பேன், வயது அப்படி) ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அவர் சொன்ன சாப்பாட்டுக்கு நான் படித்த அர்த்தம் ராச்சாப்பாடு. இங்கே அது மத்தியானச் சாப்பாடாம். பொழுது சாய்ந்த பிறகு, லெமன் சாதம் டப்பாவோடு போய் நின்றேன். அவரும் அவர் மனைவியும் மத்தியானத்திலிருந்து பார்த்துப் பார்த்து, மேசையைத் துடைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜான் எழுந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். "உன் ஊரில் சூரியன் லேட்டா?" என்றார்.

அவர் வீட்டில்தான் மேப்பிள் பாகு முதலில் சாப்பிட்டேன். மரத்தில் துளை போட்டு, வடிகிற நீரைச் சேர்த்து, மணிக்கணக்கில் காய்ச்சி எடுக்கிறார்கள். பதநீர் காய்ச்சுவதுதான், பாளைக்குப் பதில் அடிமரம். அதைக் கருப்பட்டி ஆக்காமல் பாகாகவே விட்டு முட்டைமேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். சங்கர், முகத்தைச் சுளிக்காதே, நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது பயணம்.

பரீட்சை மொன்றியல் நகரத்தில். என் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைநாள் தூரம். ரெஜான் தன் காரில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். மார்ச் மாதம், ரோட்டோரப் பனி வெள்ளை போய் நிலக்கரி நிறத்தில் கிடந்தது. "பேசு, நிறுத்தாதே. தப்பாக இருந்தாலும் பேசு. பேசாமல் இருக்கிறவனுக்குத்தான் இங்கே மார்க் கிடையாது" என்றார் ரெஜான்.

பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. விசில் கிடையாது. டிரைவர் ஒருத்தர்தான் எல்லாம். ஒருத்தரும் ஒருத்தரோடும் பேசவில்லை. பக்கத்து சீட்டுப் பையன் காதில் பாட்டுக் கேட்கிற குமிழ் மாட்டியிருந்தான். எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டேன், டிக்கெட்டைக் காட்டினான், முடிந்தது. நடுவில் ஒரு கடையில் நிறுத்தினார்கள். உருளைக்கிழங்கு வறுவல்மேல் பாலாடைக் கட்டியைப் போட்டு, அதன்மேல் பழுப்பாக ஒரு குழம்பை ஊற்றித் தந்தார்கள். மொறுமொறு என்று இருக்கிற வறுவலை ஏன் இப்படி ஊறவைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே முழுவதையும் தின்றுவிட்டேன். பாலாடைக் கட்டி பல்லில் பட்டால் கிறீச் என்கிறது. அப்படிச் சத்தம் போட்டால்தான் புதுசாம், கடைக்காரப் பெண் சொன்னாள்.

நகரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறினேன். டிரைவரிடம் நான் இறங்க வேண்டிய தெருவைப் பிரெஞ்சில் சொன்னேன். "சரி" என்றார். எனக்குப் பெருமை. நம் பஸ்ஸில் கண்டக்டரிடம் "மேலநீலிதநல்லூர் வந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கினால் அவர் தோளைத் தட்டி இறக்கிவிடுவார் அல்லவா. அந்த நம்பிக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். தெருவெல்லாம் வீட்டுக்கு வெளியே இரும்பு மாடிப்படி, வளைந்து வளைந்து. யார் வெல்டிங் பண்ணினார்களோ, நல்ல வேலை. பனியில் அதில் எப்படி ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். என் தெரு போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. எதிர் சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த அம்மா நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்து, ஜன்னல் மேலே ஓடுகிற மஞ்சள் கயிற்றைக் காட்டினார்.

"இறங்க வேண்டுமானால் இதை இழுக்க வேண்டும்."

"நான் டிரைவரிடம் சொன்னேனே?"

"எல்லோரும் அவரிடம் என்னென்னவோ சொல்கிறார்கள், பாவம்" என்று அவரே எனக்காகக் கயிற்றை இழுத்தார்.

காற்றுக்கு எதிராக நடந்து வந்து சேர்ந்தேன். தங்கியது குணம் அண்ணன் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறார், எங்கள் பட்டறைப் பையன் ஒருத்தனுக்குத் தெரிந்தவர். வாசலிலேயே, "எவடத்தில இறங்கினனீர்? நான் வந்து ஏத்தியிருப்பனே" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை.

"தெரு தெரியாம அங்கன இங்கன சுத்திட்டேன் அண்ணாச்சி. நீங்க பேசுறதுல பாதி எனக்குப் பிடிபடல."

"நீர் பேசுறது மட்டும் எனக்கு விளங்குதோ? அங்கன இங்கன எண்டுறீர், நான் அங்கணம் எண்டெல்லோ நினைச்சன்."

அங்கணம் என்றால் பாத்திரம் கழுவுகிற இடம், நம்ம வீட்டிலும் அதேதான். ரெண்டு பேரும் சிரித்தோம். தமிழுக்கே இப்படி என்றால் பிரெஞ்சு கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாதிரி, இந்தப் பக்கம் ஒரு மாதிரி இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று தோன்றியது. இடியாப்பமும் சொதியும் வைத்தார். சொதி நம் ஊர்க் கல்யாண மறுவீட்டுச் சொதி மாதிரி இல்லை, இன்னும் இளசாக, எலுமிச்சை தூக்கலாக இருந்தது. சாப்பிடும்போது பரீட்சை பற்றிச் சொன்னார். "முதல்ல உம்மைப் பற்றிக் கேப்பினம். பிறகு ஒரு அட்டை தந்து உம்மைக் கேள்வி கேக்கச் சொல்லுவினம். பயப்பிடாதையும், கேள்வி கேக்கிறது லேசு."

மறுநாள் பரீட்சை. சின்ன அறை, ஒரு மேசை, மேசைமேல் குட்டிக் கடிகாரம். பரீட்சை வைக்க வந்தவர் உங்கள் அம்மா வயதுப் பெண், கழுத்தில் பச்சைத் துண்டு சுற்றியிருந்தார். என்னைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். வெல்டிங், சங்கரன்கோவில், கோயில் கோபுரம், உங்கள் ரெண்டு பேர் பெயர், எல்லாம். நாக்கு ஓடியது. பிறகு அட்டையைத் தந்தார்.

அந்தப் பெண் சொல்வதுபோல அதில் எழுதியிருந்தது இதுதான்: நான் உங்கள் நண்பர். வேறு பகுதியில் புதிதாக வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டைப் பற்றி என்னிடம் கேள்விகள் கேளுங்கள்.

எனக்குச் சந்தோஷம். விமானம், சுற்றுச்சூழல் என்று ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்திருந்தேன். இது வீடு. இது எனக்குத் தெரியும். திருவேங்கடம் ரோட்டில் இப்போது நீங்கள் இருக்கிற வீட்டை நாம் பார்க்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அம்மா வீட்டுக்கார அம்மாவிடம் போனவுடன் வாடகை எவ்வளவு என்று கேட்டாளா? உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், அந்த அம்மாவின் மகள் ராயகிரியிலிருந்து பிரசவத்துக்கு வந்திருப்பதைக் கேட்டாள், சுகப்பிரசவமா என்று கேட்டாள், கருப்பட்டிக் காப்பி குடித்தாள், எழுந்து செருப்பைப் போடும்போதுதான், "அப்பம் வாடகை என்ன மாரி சொல்லுதீய?" என்றாள். அப்படித்தானே கேட்க முடியும். அதிலும் நண்பர் என்று எழுதியிருக்கிறது.

"நலமா? சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் லேசாகப் புருவத்தைத் தூக்கினார். "சாப்பிட்டேன்."

"என்ன சாப்பாடு?"

"பட்டாணி சூப்."

"நீங்களே வைத்ததா?"

"என் கணவர் வைத்தது."

அவர் கணவர் நன்றாகச் சமைப்பாரா என்று கேட்டேன். சூப் மட்டும் என்றார். சொந்த ஊர் எது என்று கேட்டேன். ஆற்றோரமாக, கடல் பக்கம் போகிற வழியில் ஒரு கிராமத்தைச் சொன்னார். அங்கே யார் இருக்கிறார்கள்? அம்மா இருக்கிறார். அப்பா என்ன செய்தார்? மாடு வைத்திருந்தார், பால் மாடு. எனக்கு அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து எனக்கு இருக்கிற சந்தேகம் அது. இந்தக் குளிரில் மாடு என்ன செய்யும்?

"தொழுவத்துக்குள்ளேயே இருக்கும்" என்றார்.

"குளிர்காலம் பூராவுமா? வெளியே விடவே மாட்டீர்களா?"

"வசந்தத்தில் கதவைத் திறந்துவிடும் நாள் ஒன்று உண்டு" என்று அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கிழட்டுப் பசு உட்பட எல்லாம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். பின்னங்காலைத் தூக்கி, இப்படி. பால் கனத்த மடி ஆட ஆட ஓடும். அதைப் பார்க்க நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வேலிமேல் ஏறி உட்காருவோம்."

கையால் துள்ளிக் காட்டினார். நான் வேலி என்ன உயரம் என்று கேட்டேன். கடிகாரம் கத்தியது.

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "அடுத்த பகுதி" என்றார். அடுத்த பகுதியில் நகரத்தில் வாழ்வது நல்லதா கிராமத்தில் வாழ்வது நல்லதா என்று அபிப்பிராயம் கேட்டார். சொன்னேன்.

வெளியே வந்தபோது காலுக்கடியில் பனி இருப்பதே தெரியவில்லை. டீச்சருக்கு வாட்ஸப்பில் 'நல்லாப் பண்ணியிருக்கேன்' என்று அனுப்பினேன். உங்கள் அம்மாவுக்கும் அனுப்பினேன், பார்த்திருப்பீர்கள். குணம் அண்ணன் பாதி ரொட்டியை இறக்கிவிட்டு வேனோடு வந்தார். வண்டிக்குள் ரொட்டி வாசம். பசு துள்ளுகிற கதையை அவருக்கும் சொன்னேன்.

"நல்லாக் கதைச்சிருக்கிறீர்" என்றார். "அது சரி, வீட்டைப் பற்றி என்ன கேட்டனீர்?"

நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"எத்தினை அறை எண்டு கேட்டனீரோ?"

"இல்ல."

"வாடகை?"

"இல்ல."

"பஸ் பக்கமோ, தூரமோ, ஏதும்?"

வேலி என்ன உயரம் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அதுவும் மாட்டு வேலி. குணம் அண்ணன் வேனை ஓரம்கட்டி நிறுத்தினார். பிறகு பின்னாலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, பிய்த்து, பாதியை எனக்குக் கொடுத்தார். "தின்னும். சூடாத்தான் இருக்கு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அதே கடையில் நிறுத்தினார்கள். இந்தத் தடவை நான் இறங்கவில்லை. அந்தப் பெண் ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று யோசித்தேன். அவர் தடுக்கக் கூடாது போல. அங்கே அவர் வேலை கேட்டதற்குப் பதில் சொல்வது. நான்தான் விஷயத்துக்கு வர வேண்டும். நம்மூரில் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் பேசுகிற பேச்சுக்கு யாரும் கடிகாரம் வைப்பதில்லை. மறுநாள் பட்டறையில் ரெஜானிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் தன் வெல்டிங் தொப்பியைக் கழற்றிவிட்டு, "உன் பிள்ளைகள் ஜூனில் வருவார்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் மறுபடி சிரிக்கவில்லை.

ரிசல்ட் வந்தபோது காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் நன்றாகவே வந்திருந்தது. பேச்சில் ஒரு படி குறைவு. அந்த ஒரு படிதான் வேண்டியது. மறுபடி எழுத இலையுதிர் காலத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது.

அதை நான் உங்களுக்குப் போனில் சொன்ன நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்மாதான் முதலில் பேசினாள். "வுடுங்க. நானா இருந்தாலும் சாப்ட்டாச்சான்னுதான் கேட்டிருப்பேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அடுத்த தடவ மாட்டப் பத்திக் கேக்காண்டாம்" என்றாள். சங்கர், "மாடு நெசமாவே துள்ளுமாப்பா?" என்று கேட்டான். கோமதி எழுந்து போனாள். நாற்காலி இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கோமதி, இந்த வருஷ ஆடித்தபசுத் திருவிழாவை நீ அங்கேதான் பார்க்கப் போகிறாய். வகுப்பில் என்ன சொல்வது என்று நீ யோசித்திருப்பாய். அப்பா வீட்டைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார் என்று உள்ளதைச் சொல்லு. சிரிப்பார்கள். பரவாயில்லை.

அன்றைக்குப் போனை வைத்த பிறகு அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, என்னைத் தவிர யாரும் இல்லை. மெஷினுக்குள் துணி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு பலகை, அதில் பூனையைக் காணவில்லை, சோபா விற்பனைக்கு என்று நோட்டீஸ்கள். ஒன்றில் வீடு வாடகைக்கு என்று எழுதி, கீழே போன் நம்பரைச் சீப்பு மாதிரி கத்தரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பல்லைக் கிழித்தேன். போன் போட்டேன்.

ஒரு பெண் எடுத்தார். வணக்கம் சொன்னேன். எனக்கு இப்போது வீடு வேண்டாம், அடுத்த வருஷம்தான் குடும்பம் வரும், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா என்றேன். "கேளுங்கள்" என்றார்.

எத்தனை அறை என்று கேட்டேன். அறையைச் சூடாக்குகிற செலவு வாடகையில் சேர்த்தியா என்று கேட்டேன். மாடிப்படி வெளியிலா உள்ளேயா, பனி உறைந்தால் யார் தள்ளுவது, பஸ் நிற்கிற இடம் எங்கே, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடந்தே போகலாமா, ஜன்னலில் வெயில் வருவது காலையிலா சாயந்திரமா. ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளி, சமையலறை ஜன்னலில் நின்றால் விளையாட்டுத் திடல் தெரியும் என்றார்.

"எத்தனை பேர் இருப்பீர்கள்?" என்று கேட்டார்.

"நாலு பேர்."

பிள்ளைகள் பெயர் என்ன என்று அவராகவே கேட்டார். சொன்னேன். கோமதி அவருக்கு உடனே வந்துவிட்டது. சங்கரை மட்டும் ரெண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன்.